மார்வாவின் பதில் பாட்டு

லின்வால் அந்த பேஸ் கிட்டார் மெட்டை முதன்முதலில் வாசித்தது மார்வாவின் அம்மா வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில் உட்கார்ந்து. அவனுக்கு ஒரு பக்கம் மார்வா, இன்னொரு பக்கம் நான். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்த அவள் அம்மா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் ஸ்பீக்கரின் சத்தத்தை மிகவும் குறைத்திருந்தோம். மெட்டு காதில் விழுந்ததைவிட, சோபா உறை வழியாகத் தொடையில் அதிர்ந்ததுதான் அதிகம். மார்வா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தன்னை அறியாமல் முனக ஆரம்பித்தாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது; எங்கள் இருவருக்கும் பதினெட்டு வயது. தென் லண்டனில், லூயிஷத்தில், ஒரே பள்ளி, ஒரே சர்ச், ஒரே பாடகர் குழு. என் பெயர் டொரெட். மார்வா எதைப் பாடினாலும் அதற்குக் கீழே ஒரு குரலைச் சேர்ப்பது என் வேலை. பின்னாளில் அதுவே என் பிழைப்பாகவும் ஆனது. லின்வால் கிராண்ட் பஸ் டிப்போவில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். அதிகம் பேசமாட்டான். எப்போது வந்தாலும் பெக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த அவசரத்தைக் கேலி செய்துதான் மார்வா வரிகளைக் கட்டினாள். பாட்டின் பெயர் ‘பஸ் போகட்டும்’. போகிற பஸ் போகட்டும், இன்னும் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பேசு என்று ஒரு பெண் கேட்கிறாள். அவ்வளவுதான் பாட்டு.

இந்த வகைப் பாட்டை லவ்வர்ஸ் ராக் என்று எங்கள் ஜமைக்கா குடும்பத்துப் பிள்ளைகள் அப்போதுதான் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அங்கே கிங்ஸ்டனிலிருந்து வந்த ரெகே பாட்டுகளில் ஆண்கள் கடவுளையும் போலீஸையும் பற்றிக் கோபமாகப் பாடினார்கள். லண்டனில் பள்ளி முடித்த பெண்கள் அதே தாளத்தைக் கொஞ்சம் குழைத்து, நான் கூப்பிட்டபோது நீ ஏன் போனை எடுக்கவில்லை என்று பாடினார்கள். நடன ஹாலில் அந்தப் பாட்டு வந்தால் பையன்கள் சுவரை விட்டு நகர்ந்து பெண்களிடம் வருவார்கள்.

எங்கள் பாட்டைப் பதிவு செய்தவர் ஃபிட்ஸ்ராய். தன் வீட்டு நிலவறையில் முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டி ஸ்டுடியோ வைத்திருந்தார். எல்லாப் பெண்களையும் ‘மகளே’ என்றுதான் கூப்பிடுவார். ‘பஸ் போகட்டும்’ பாட்டைப் பெரிய வானொலிகள் எதுவும் ஒலிபரப்பவில்லை. ஆனால் அந்த வருடக் கோடையில் லூயிஷம் சந்தை முதல் பிரிக்ஸ்டன் வரை, ஜன்னல் திறந்திருந்த வீடுகளில் எல்லாம் அதுதான் ஒலித்தது. கல்யாண வீடுகளில் கேட்டார்கள். ஞானஸ்நான விருந்தில்கூடக் கேட்டார்கள். மார்வா தெருவில் நடந்தால் பஸ் கண்டக்டர்கள் மணியடித்துச் சிரித்தார்கள். அடுத்த வசந்தத்தில் அவளும் லின்வாலும் கல்யாணம் செய்துகொண்டு பிராக்லியில் ஒரு மேல்மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். அவள் தன் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான் என்று நினைக்கிறேன். சந்தோஷமாக இருக்கும்போதே, இது யாருக்காவது போய்விடுமோ என்று சுற்றிலும் பார்க்கிற பெண் அவள்.

மிஸ் ஐவியின் முடி அலங்காரக் கடையில்தான் அது நடந்தது. ஒரு சனிக்கிழமை. மிஸ் ஐவி சுருள்முடியை நேராக்கும் சூடான சீப்பால் மார்வாவின் தலையில் ஒரு பாதியை நீவி முடித்திருந்தார். மறுபாதி பம்மென்று நின்றுகொண்டிருந்தது. எதிரே இருந்த ரிக்கார்டு கடைக்காரர் வாசலில் ஸ்பீக்கர் வைத்திருப்பார். அதிலிருந்து அந்த மெட்டு கிளம்பியது. கடையில் இருந்த பெண்கள் எல்லாரும் மார்வாவைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அவள் முகவாயை லேசாக உயர்த்தி, பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்தாள். பாட வேண்டிய இடம் வந்தது. ஆனால் வந்தது வேறொரு குரல். மெலிந்த, தேன் மாதிரியான, சின்னப் பெண்ணின் குரல். ‘கதவு திறந்திருக்கு, நீ வரலாம்’ என்று பாடியது.

மிஸ் ஐவி சீப்பை அடுப்பில் வைத்துவிட்டு, “நல்லாத்தான் பாடுறா, யாரு இது?” என்று கேட்டுத் தொலைத்தார்.

மார்வா கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பாதித் தலையோடு தெருவைக் கடந்து ரிக்கார்டு கடைக்குள் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். ரிக்கார்டின் லேபிளில் கொரீன் டல்லக் என்றிருந்தது. கீழே ஃபிட்ஸ்ராயின் பெயர்.

எங்கள் தொழிலில் இது அதிசயம் இல்லை. டிரம்மும் பேஸும் பதிந்த நாடாவை ரிதம் என்போம். அது தயாரிப்பாளருக்குச் சொந்தம். ஒரே ரிதத்தின் மேல் அவர் யாரை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பாட வைக்கலாம். கிங்ஸ்டனிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். மார்வாவுக்கும் அது தெரியும். வழி முழுக்க அதைத்தான் நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் காதில் ஏறவில்லை.

வீட்டில் லின்வால் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். அவள் தலையைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டான். அவள் ரிக்கார்டை மேஜை மேல் வைத்தாள்.

“நீ அங்க இருந்தியா?”

“இருந்தேன். ரெண்டு இடத்துல திருப்பி வாசிக்கணும்னு ஃபிட்ஸ் கூப்பிட்டாரு.”

“அவளும் இருந்தாளா?”

“பாடுறவ இல்லாம எப்படி?”

“என்ன பண்ணா?”

“எங்க ஆரம்பிக்கணும்னு புரியாம முழிச்சா. நான் தோள்ல தட்டித் தாளம் காட்டினேன்.”

“எந்தத் தோள்?”

லின்வால் யோசித்தான். அவன் யோசித்திருக்கவே கூடாது. “இடது தோள்னு நினைக்கிறேன்” என்றான், உண்மையைச் சொல்கிறவனின் முகத்தோடு.

மார்வா நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் அம்மாவின் சோபாவில் பிறந்த மெட்டை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டான் என்றாள். கொடுத்தது தான் இல்லை, மெட்டு ஃபிட்ஸுடையது என்று அவன் சொன்னான். மீன் கருகிக்கொண்டிருந்தது. நான்தான் அடுப்பை அணைத்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு வேலை இல்லாமல் போனது. லின்வாலின் கோட்டை முகர்ந்து பார்ப்பாள். அவன் ஸ்டுடியோவுக்குப் போனால், எந்தப் பாட்டு, யார் யார் வந்தார்கள், யார் எங்கே நின்றார்கள் என்று கேட்பாள். கொரீனின் பாட்டைத் தனியாக இருக்கும்போது திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். “மூச்சு எடுக்கிற சத்தம் கேக்குது பாரு, பயிற்சியே இல்ல” என்பாள். ஆனால் அந்த மூச்சில்தான் பையன்கள் விழுகிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஒருநாள் பாத்திரம் கழுவும்போது அதே இடத்தில் அதே மாதிரி மூச்செடுத்துப் பாடிப் பார்த்தாள். நான் கூடத்தில் இருப்பதை மறந்துவிட்டிருந்தாள்.

கொரீன் ஹார்ல்ஸ்டனில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். லண்டனின் வடக்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம். எங்கள் ஆட்கள் காரியம் இல்லாமல் ஆற்றைத் தாண்டமாட்டார்கள். மார்வா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் மாறி பஸ் ஏறிப் போனாள். அவளைப் பார்த்துவிட்டு வந்தால் போதும், ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றாள்.

கல்லாவுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட, ஒல்லியான பெண் நின்றிருந்தாள். பதினேழு வயதிருக்கும். கன்னத்தில் மாவு. மார்வாவைப் பார்த்ததும் அவள் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது.

“மிஸ் மார்வா தானே நீங்க?” என்றாள். “எங்க வீட்ல உங்க ரிக்கார்டு தேஞ்சு போச்சு. அதப் போட்டுப் போட்டுத்தான் நான் பாடவே கத்துக்கிட்டேன்.”

மார்வா பன்னும் சீஸும் கேட்டாள். அந்தப் பெண் பெரியதாகப் பார்த்து எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். காசு வேண்டாம் என்றாள். பிறகு, மரியாதையாகப் பேச வேண்டும் என்ற ஆசையில், “மிஸ்டர் லின்வால் ரொம்பப் பொறுமைங்க. எங்கப்பாவா இருந்தா அன்னைக்கு என்னை அடிச்சிருப்பாரு” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும், எவ்வளவு வெள்ளந்தியான பிள்ளை என்றேன்.

“நடிப்பு” என்றாள் மார்வா. “மிஸ்டர் லின்வாலாம். பொறுமையாம். பாத்தியாடி அந்த இடுப்ப?”

திரும்பி வரும்போது பஸ் மாடியில் முன் இருக்கையில் உட்கார்ந்து, பன் சுற்றிய காகிதத்தைப் பிரித்து அதிலேயே எழுத ஆரம்பித்தாள். ஆற்றுப் பாலம் வந்தபோது பல்லவி முடிந்திருந்தது. ‘கதவைச் சாத்து, பேக்கரிப் பெண்ணே, உள்ளே இருப்பவன் என் ஆள்.’ ஒரு பாட்டுக்கு இன்னொரு பாட்டால் பதில் சொல்வது எங்களிடம் வழக்கம்தான். ஆனால் அதையெல்லாம் விளையாட்டாகச் செய்வார்கள். அவள் எழுதியதில் விளையாட்டு இல்லை. யாரென்று காட்டிக்கொடுப்பதை எடுத்துவிடு என்று கெஞ்சினேன். பாட்டில் பெயர் இல்லை, பேக்கரி என்றுதானே இருக்கிறது என்றாள்.

ஃபிட்ஸ்ராய்க்கு வாயெல்லாம் பல். ஒரே ரிதத்தில் மூன்றாவது பாட்டு. புதிதாக யாரும் எதையும் வாசிக்கக்கூட வேண்டாம். “மகளே, இந்தக் கோபம் ஆறறதுக்குள்ள பாடிடு” என்றார். மார்வா ஒரே மூச்சில் பாடினாள். அதுவரை அவள் குரலில் இல்லாத ஒரு கரகரப்பு அன்று வந்து உட்கார்ந்தது. அழகான பாட்டு அது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ‘சாத்து, சாத்து’ என்று பின்னால் பாடுவது நான். லின்வால் டிப்போ உடையோடு வந்து நாடா இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டான். முடிந்ததும் அவளிடம், “இதுல வர்ற ஆளு நானா?” என்று கேட்டான்.

“நீதான் சொல்லணும்.”

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டான். பதில் இல்லாததையே பதில் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

‘கதவைச் சாத்து’ மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. அதுவரை ரிக்கார்டே வாங்காத பெண்கள் வாங்கினார்கள். வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, வீட்டுக்காரன் எங்கே போகிறான் என்று தெரியாமல் ஜன்னலோரம் நின்ற பெண்கள். நடன ஹாலில் இந்தப் பாட்டைப் போட்டால் அவர்கள் சுவரைத் தட்டுவார்கள். முதலிலிருந்து போடு என்று கத்துவார்கள். ஒரே ராத்திரியில் அதை ஐந்தாறு தடவை திருப்பிப் போட வேண்டியிருக்கும். மார்வா வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பாடகி ஆனாள். நானும் விட்டேன். லின்வாலையும் விட வைத்தாள். தன் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று அவனையே எங்கள் குழுவில் பேஸ் வாசிக்க வைத்துக்கொண்டாள்.

ஹார்ல்ஸ்டனில் எந்தப் பேக்கரி என்று கண்டுபிடிக்க யாருக்கும் கஷ்டமாக இல்லை. ஆட்கள் போய் வாசலில் நின்று, கதவைத் திறந்து திறந்து சாத்திச் சிரித்தார்களாம். கொரீனின் அப்பா சர்ச்சில் டீக்கன், சபையின் பெரியவர். அவளைப் பாடகர் குழுவிலிருந்து எழுப்பிக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். பதிலுக்குப் பதில் பாடு என்று ஃபிட்ஸ்ராய் அவளைத் துரத்தினார். அவள் பாடவில்லை. அதற்கப்புறம் எதுவுமே பாடவில்லை. நர்ஸ் படிப்புக்கு வுல்வர்ஹாம்டன் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம்.

“குத்தம் இல்லாதவ எதுக்கு ஓடணும்?” என்றாள் மார்வா.

பிறகு வந்த வருடங்களை வேனிலேயே கழித்தோம். பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம், பிரிஸ்டல், லீட்ஸ். எங்கே போனாலும் கூட்டம் வந்தது அந்தப் பாட்டுக்காகத்தான். ‘பஸ் போகட்டும்’ பாடினால் மரியாதைக்குக் கைதட்டுவார்கள். அந்த மெட்டே மறுபடி தொடங்கியதும் பெண்கள் எழுந்து நிற்பார்கள். ‘உள்ளே இருப்பவன் என் ஆள்’ என்ற இடத்தில் மார்வா திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி லின்வாலைக் காட்டுவாள். விளக்குக்காரன் வெளிச்சத்தை அவன் மேல் திருப்புவான். ஹால் முழுக்க அவனைப் பார்த்து ஊளையிடும். ஷெஃபீல்டில் ஒரு பெண் செருப்பை எறிந்தாள். அதற்கப்புறம் அவன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று வாசிக்கப் பழகிக்கொண்டான். குற்றவாளிக்கு முகம் காட்ட வெட்கம் என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

நான் அவர்களுக்கு நடுவில் நின்றதால் எனக்கு ஒன்று மெல்லப் புரிந்தது. மேடையேறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், முகத்துக்குப் பவுடர் போட்டபடி, மார்வா ஏதாவது ஒரு கேள்வி கேட்பாள். நேற்று போனில் யார்? வுல்வர்ஹாம்டனைத் தாண்டி வந்தோமே, நீ ஏன் ஜன்னல் பக்கம் பார்த்தாய்? லின்வால் பொறுமையாகப் பதில் சொல்வான். அவன் எதைச் சொன்னாலும் அவள் முகத்தில் சூடு ஏறும். அந்தச் சூட்டோடு போய்ப் பாடுவாள். கச்சேரி இல்லாத நாட்களில் அந்தக் கேள்விகள் வரா. ஞாயிற்றுக்கிழமைகளில் சிரித்துப் பேசிச் சோறு பரிமாறுவாள். பொறாமை அவளுக்கு நிஜம்தான். ஆனால் அது ஆறிப்போக அவளால் விட முடியவில்லை. ஆறினால் பாட்டும் போய்விடும்.

லின்வாலுக்கும் இது தெரிந்திருந்தது. லெஸ்டரில் ஒரு கச்சேரிக்கு முன்னால் அவள் வழக்கம் போல ஆரம்பித்தாள். அன்று மதியம் கிட்டார்த் தந்தி வாங்கப் போகிறேன் என்று போனாயே, எங்கே போனாய் என்று கேட்டாள். அவன் கிட்டாருக்குப் புதுத் தந்தியை மாட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்.

“அவளைப் பாக்கப் போனேன்.”

“யார?”

“கொரீன. இங்கதான் இருக்கா இப்ப. ரொம்ப நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

பவுடர் டப்பா கீழே விழுந்தது. அவள் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அத்தனை வருடம் அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். வந்ததும் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. எங்களைக் கூப்பிட்டார்கள். போனோம். மெட்டு தொடங்கியது, அவள் பாட வேண்டிய இடம் வந்தது, போனது. லின்வால் திரும்ப ஆரம்பித்தான். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் வரவில்லை. கூட்டத்துப் பெண்கள், ஏதோ புது ஏற்பாடு என்று நினைத்து, அவளுக்குப் பதிலாகத் தாங்களே முழுப் பாட்டையும் பாடினார்கள். அவள் அழுதாள். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

வேனில் ஏறியதும், நிஜமா என்று அவனிடம் கேட்டாள்.

“பொய்” என்றான் லின்வால். “ஹார்ல்ஸ்டன் பொண்ண நான் ஸ்டுடியோல பாத்ததோட சரி. எத்தன வருஷமாக் கேட்டுக்கிட்டு இருந்தே? ஒரு தடவ ஆமான்னு சொன்னா என்னதான் ஆகும்னு பாத்தேன்.”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு லண்டன் வரும் வரை விடவில்லை. இனிமேல் கேட்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். அடுத்த வாரம் பிரிக்ஸ்டனில், மேடையேறும் முன், லெஸ்டரில் அப்புறம் எங்கேதான் போனாய் என்று கேட்டாள். அந்தக் கச்சேரியை முடித்துக் கொடுத்துவிட்டு, அந்த மாதமே லின்வால் டொரன்டோவில் இருந்த அண்ணனிடம் போய்விட்டான். கிட்டாரை எங்கள் வேனிலேயே விட்டுவிட்டுப் போனான்.

அவள் கொஞ்ச நாள் படுக்கையை விட்டு எழவில்லை. பிறகு எழுந்து, வேறு ஆளை பேஸ் வாசிக்க வைத்து, பாடினாள். வீட்டுக்காரன் போயே போய்விட்டான் என்று ஊருக்குத் தெரிந்ததும் பாட்டுக்கு மவுசு இன்னும் கூடியது. ஜப்பானில்கூடப் போய்ப் பாடிவிட்டு வந்தோம். அங்கே ஒரு பெண்ணுக்கும் சொற்கள் புரிந்திருக்காது, ஆனாலும் அழுதார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், பழைய லவ்வர்ஸ் ராக் பாடகர்களை எல்லாம் ஒரே மேடையில் ஏற்றி ஒருவர் நிகழ்ச்சி நடத்தினார். பெரிய தியேட்டர். எல்லா இருக்கைகளும் விற்றுவிட்டன. அவர்தான் கொரீனைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். மார்வாவுக்கு அது முந்தின நாள்தான் தெரிந்தது. மறுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது, “என்ன உடுப்பு போடப் போறாளாம்?” என்றுதான். தன்னுடைய நீல உடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிவப்பில் ஒன்று வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு கடைகடையாக அலைந்தாள்.

கொரீன் சாம்பல் நிறத்தில் ஒரு சாதாரணக் கவுனில் வந்தாள். இப்போது ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். உடம்பு போட்டிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். “மிஸ் மார்வா” என்று எழுந்து நின்றாள், பேக்கரியில் நின்ற மாதிரியே. மார்வா தலையை மட்டும் அசைத்தாள்.

முதலில் கொரீன் பாடினாள். நாங்கள் திரைக்குப் பக்கத்தில் நின்று கேட்டோம். அந்தக் குரல் அப்படியே இருந்தது. புகையிலும் வேன் பயணத்திலும் தினசரிக் கத்தலிலும் மார்வாவின் குரல் தடித்துக் கரடுமுரடாகியிருந்தது. இவளுடையது துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்த மாதிரி. மூச்செடுக்கிற சத்தம்கூட அதே இடத்தில் கேட்டது. மார்வா என் முழங்கையை இறுக்கினாள். நகம் பதிந்தது. “பாடாமயே இருந்தா எனக்கும்தான் இருந்திருக்கும்” என்றாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் ஏற்பாட்டின்படி மார்வா மேடைக்குப் போனாள். அந்தச் சிவப்பையும் சாம்பலையும் ஒன்றாகப் பார்த்ததும் தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. கொரீன் மைக்கை விட்டு நகராமல், சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன்” என்றாள். “அந்த மனுஷன், பாட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. வேற ஒண்ணுமில்ல. எங்கப்பா சாகிற வரைக்கும் அதை நம்பல.”

கூட்டம் சிரித்தது. விசில் அடித்தார்கள். ‘போடி பொய்க்காரி’ என்று பால்கனியிலிருந்து ஒரு குரல் வந்ததும் எல்லாரும் இன்னும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை. நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். கொரீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அப்போது மார்வா தன் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். “அவ சொல்றது உண்மை” என்றாள். “நான்தான் இல்லாததைப் பாடினேன்.”

அதற்கும் சிரித்தார்கள். அவள் மறுபடி சொன்னாள். குரல் நடுங்கியது. நடுங்கியதற்கு ஒரு கைதட்டல். முன்வரிசையில் இருந்த பெண்கள் ‘சாத்து, சாத்து’ என்று என் வரியைத் தாளத்தோடு சொல்ல ஆரம்பித்தார்கள். பின்னால் வாசிக்க நின்ற இளைஞர்கள் அதையே கட்டளையாக எடுத்துக்கொண்டு மெட்டைத் தொடங்கிவிட்டார்கள். மார்வா கொரீனைப் பார்த்தாள். கொரீன் தோளைக் குலுக்கி, லேசாகக் கையைக் காட்டினாள், பாடுங்கள் என்பது போல. மார்வா பாடினாள். நன்றாகவே பாடினாள்.

முடிந்த பிறகு, பின்வாசலில் கொரீனின் கணவர் அவளுக்காகக் காத்திருந்தார். தபால்காரர், வழுக்கைத் தலை. அவள் கோட்டை விரித்துப் பிடித்து, அவள் கையை நுழைக்கும் வரை அவசரப்படாமல் நின்றார். காலரைச் சரி செய்தார். மார்வா சிவப்பு உடுப்போடு குளிரில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கார் போன பிறகும் அந்தப் பக்கமே பார்த்தாள். நான் அவள் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தானே போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் அவள் வீட்டில் கோழிக்கறியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன், அடுப்பில் பயறும் சோறும் வெந்துகொண்டிருந்தது. அவள் திடீரென்று கையைத் துடைத்துக்கொண்டு டொரன்டோவுக்குப் போன் போட்டாள். விவாகரத்து ஆகியும் நம்பர் மனப்பாடமாக இருந்தது. லின்வால் எடுத்தான். ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை செய்தேன், போட்டாள்.

மேடையில் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றாள். எல்லாரும் கேட்கும்படி, மைக்கில்.

“யாராவது நம்புனாங்களா?” என்றான்.

“இல்ல.”

அவன் சிரித்தான். கசப்பில்லாத சிரிப்பு. கொரீன் எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். குரல் எப்படி இருந்தது என்று கேட்டான். அந்தக் கேள்வி வந்ததும் மார்வா அடுப்பைக் குறைத்தாள். அப்படியேதான் இருக்கு என்று கடைசியில் ஒப்புக்கொண்டாள். அந்த நேரத்தில் அவன் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், யார் போனில் என்று கேட்டது. லின்வால் போனைக் கையால் மூடாமலே, லண்டன்லேருந்து மார்வா என்று சாதாரணமாகப் பதில் சொன்னான்.

மார்வாவின் முதுகு நிமிர்ந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பவுடர் டப்பாவும் கண்ணாடியும்தான் இல்லை.

“யாரது?”

“மேவிஸ். கல்யாணம் பண்ணிக்கிட்டோம், போன வருஷம்.”

“அவ பாடுவாளா?”

“பாடமாட்டா மார்வா” என்றான் அவன். “பாட்டே கேக்கமாட்டா. வீட்ல ரேடியோ கூட இல்ல. அதான் இங்க நிம்மதியா இருக்கேன்.”

அவள் கையை மறுபடி துடைத்துக்கொண்டாள். பிறகு, அங்கே குளிரா, சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஓட்ஸ் கஞ்சி குடித்ததாக அவன் சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சோற்றுப் பானையைத் திறந்து பார்த்து, மூடினாள். “மேவிஸ்” என்று ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெயர் நாக்கில் எப்படி உட்காருகிறது என்று பார்ப்பது போல. இன்னொரு பாட்டு வரப்போகிறதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. வேண்டாம்டி என்றேன்.

“நான் என்ன பண்ணப் போறேன்?” என்றாள். “தட்டு எடு.”

சாப்பிட்டோம். அவள் இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.